செம்புக் கேபிளுக்கு நாலு மணிக் காவல்

சேலையூர்,
புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் ஃபிரெடி அவர்களுக்கு,

அத்தான் லாசரஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா ஞானஜோதியும் வாசலில் நிற்கும் முருங்கை மரமும் தேவ கிருபையால் விழாமல் நிற்கிறோம். நாசரேத்தில் நீங்களும் ஆஷாவும் பிள்ளைகளும், பத்து வருஷமாக நீங்கள் தூக்கிச் சுமக்கும் சபையின் சேகர கமிட்டியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? படி ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போதா என்று எழுதவும். இரண்டுக்கும் வேறு வேறு தைலம் இருக்கிறதாம்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். வீட்டில் போன் பேசினால் உங்கள் அக்கா அடுப்படியில் குக்கர் விசிலுக்கு நடுவிலும் இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டுவிடுவாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் வாட்ஸ்அப் அவளுடைய லேப்டாப்பிலும் திறந்தே கிடக்கிறது. அதை மூடுவது எப்படி என்று எனக்குத் தெரியாது, அவளிடம் கேட்டால் ஏன் மூட வேண்டும் என்று கேட்பாள். அதனால்தான் தாம்பரம் போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நின்று உறையும் ஸ்டாம்பும் வாங்கி வந்து, டவருக்குக் கீழே, மடியில் ஒரு பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதில் உள்ள ஒரு எழுத்துகூட உங்கள் அக்கா கண்ணில் படக்கூடாது. அது ஒன்றுதான் என் வேண்டுகோள். மற்றதெல்லாம் கேள்விகள்.

டவர் என்றேன். டெலிபோன் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் கேபிளோடு குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு, இந்த ஏரிக்கரை வானொலியின் டவரைப் பார்த்துக்கொள்ளும் கௌரவப் பதவி கிடைத்தது உங்களுக்குத் தெரியும். சின்ன ரேடியோ நிலையம்தான். இந்தப் பக்கம் அஸ்தினாபுரம், அந்தப் பக்கம் கூடுவாஞ்சேரிக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் கேட்கும், மேகம் இருந்தால் கேட்காது என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஸ்டுடியோ, கேம்ப் ரோட்டில் செயலாளர் அமீருதீன் சாருடைய டைல்ஸ் கடை மாடியில் இருக்கிறது. டவர் இங்கே ஏரிக்கரையில். அங்கே பேசுவது லைன் வழியாக இங்கே ஒரு சின்ன அறைக்கு வந்து, அந்த அறையிலிருந்து கட்டைவிரல் தடிமனுள்ள கறுப்புக் கேபிளில் ஏறி டவர் உச்சிக்குப் போய், அங்கிருந்து ஊருக்குள் இறங்குகிறது. அந்தக் கேபிளின் வயிற்றில் இருப்பது செம்பு. செம்பு என்றால் நாலு பேர் கண் போடத்தானே செய்வார்கள். அதைக் காப்பதுதான் என் வேலை. ஒரு புங்கமரம், அதன் நிழலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, டிரான்சிஸ்டர் வைக்க ஒரு ஸ்டூல். எதிரே ஏரி. கொக்குகள் ஒற்றைக் காலில் நிற்கும். அவ்வப்போது விமானப்படைக்காரர்களின் குட்டி விமானம் ஒன்று வானத்தில் வட்டம் போட்டுவிட்டுப் போகும். தூரத்தில் மின்சார ரயில் ஊதும். வெயில் தண்ணீரின் மேல் படுத்துப் புரண்டுகொண்டிருக்கும். இந்த இடத்தில் உட்கார்ந்து ஒருவன் விழித்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நீங்கள் இங்கிருந்தே புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டும்.

திங்கள் முதல் வெள்ளி வரை நாலு மணிக்கு உங்கள் அக்காவின் நிகழ்ச்சி. அமீருதீன் சார் முதலில் காலை ஏழு மணி தருகிறேன் என்றார், நல்ல நேரம், எல்லாரும் கேட்பார்கள். இவள் நாலு மணிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள். பூகோளம் டீச்சர் அல்லவா, தென்சென்னை ஏரிகளைப் பற்றிப் பேசுகிறாள். "காற்றில் வருகிறேன், கதவைத் திறந்து வையுங்கள்" என்றுதான் தினமும் ஆரம்பிப்பாள். அப்புறம் சேலையூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும், ராஜகீழ்ப்பாக்கம் நிரம்பினால் எங்கே போகும், செம்பாக்கத்தில் கூடி நன்மங்கலத்துக்கு எப்படி நடக்கும், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் எப்படிப் போய்ச் சேரும் என்று, ஒவ்வொரு மதகாக, ஒவ்வொரு கால்வாயாக, அரை மணி நேரம். வீட்டில் அவள் பேச்சு வைகை எக்ஸ்பிரஸ். ரேடியோவில் கூட்ஸ் வண்டி. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு ஆள் டீ குடித்துவிட்டு வரலாம். ரேடியோ விதிமுறை அப்படி இருக்கும்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மச்சான், இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் அந்த நிகழ்ச்சியை முழுதாகக் கேட்டதே இல்லை. ஓய்வு பெற்றதிலிருந்து ராத்திரியில் எனக்குத் தூக்கம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் மாத்திரை கொடுத்தார், நடக்கச் சொன்னார், பாலில் ஜாதிக்காய் போடச் சொன்னார். எல்லாம் செய்துவிட்டு மின்விசிறியின் மூன்று இறக்கைகளையும் எண்ணிக்கொண்டு கிடப்பேன். ஆனால் நாலு மணிக்கு இவள் கதவைத் திறந்து வையுங்கள் என்று சொன்னதும் என் கதவுகள் இரண்டும் மூடிக்கொள்கின்றன. செம்பாக்கம் வரைக்கும்கூட நான் போய்ச் சேர்ந்ததில்லை. நாலரைக்கு நிகழ்ச்சி முடிந்து டைல்ஸ் விளம்பரம் வரும்போது கண் விழித்துப் பார்த்தால் ஸ்டூலில் வைத்த டிரான்சிஸ்டர் தரையில் இருக்கும். ஏரிக்காற்று அப்படித் தள்ளுகிறது. வீட்டுக்குப் போனதும் "எப்படி இருந்தது?" என்பாள். "முழுக்கக் கேட்டேன் ஞானம், அந்த மதகு விஷயம் பிரமாதம்" என்பேன். எல்லா நாளும் ஏதாவது ஒரு மதகு வரும் என்பது என் தைரியம். உலகத்திலேயே எனக்கு இருக்கிற தூக்கம் அந்த அரை மணிதான். அது அவள் குரலில் இருக்கிறது, அந்தக் குரல் இந்தக் கேபிளில் இருக்கிறது. நான் எதைக் காவல் காக்கிறேன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

முதல் திருட்டு ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நாலு பதினைந்துக்குத் திடுக்கென்று விழிப்பு வந்தது. என்ன சத்தம் என்று பார்த்தால் சத்தமே இல்லை. அவள் குரல் நின்றுவிட்டிருந்தது. அண்ணாந்து பார்க்கிறேன், டவர் காலில் கேபிள் இருந்த இடம் வெறிச்சென்று கிடக்கிறது, இருபது அடியைக் காணோம். நான் இரண்டு பர்லாங் ஓடினேன். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரியாததால் பக்கத்துக்கு ஒரு பர்லாங். வீட்டுக்கு வந்தவள், பாதியில் நின்றது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தேன், படக்கென்று நின்றுவிட்டது என்றேன். இந்த ஒரு தடவை நான் சொன்னது பாதி உண்மை.

புதுக் கேபிள் போட்டதும் நான் சும்மா இருப்பேனா? பெயிண்ட் வாங்கி என் கையாலேயே ஒரு பெரிய போர்டு எழுதினேன்: "அறிவிப்பு. இந்தக் கேபிளில் செம்பு இல்லை." பொய்தான். ஆனால் ஊர் நன்மைக்கான பொய். அதற்குக் கீழே திருடனுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று "நிச்சயமாக இல்லை" என்றும் எழுதி அடிக்கோடு போட்டேன். அதோடு ஒரு பொம்மைக் கேமராவும் வாங்கி மாட்டினேன். உள்ளே ஒன்றும் கிடையாது, முன்னால் சிவப்பு லைட் மட்டும் கண் சிமிட்டும். மூன்று வாரம் நிம்மதி. நாலாவது வாரம் வியாழக்கிழமை மறுபடி அதே நிசப்தம், அதே விழிப்பு. கேபிளும் போயிருந்தது, கேமராவும் போயிருந்தது. போர்டை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்தப் பதவிக்கு நான் லாயக்கில்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லத்தான் டைல்ஸ் கடைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அமீருதீன் சார், "லாசரஸ் சார், இன்னொரு தடவை போச்சுன்னா அவ்ளோதான், டவரை இறக்கிட்டு நிலையத்தையே மூடிருவேன்" என்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், சிரித்த முகம், அன்றைக்கு என் முகத்தையே பார்க்கவில்லை, ஒரு மாதிரி சுவரைப் பார்த்துச் சொன்னார். மூடினால் அவள் நிகழ்ச்சி போய்விடும். நான் எப்படி விலகுவது? ராஜினாமாவை விழுங்கிவிட்டு, நான் இருக்கும்போது அது நடக்காது என்று வீரமாகச் சொல்லிவிட்டு வந்தேன். நான் இருக்கும்போதுதான் இரண்டு தடவையும் நடந்தது என்று அவர் நல்லவேளையாகச் சொல்லவில்லை. மறுநாள் நான் போவதற்குள் ஆட்களை விட்டுப் புதுக் கேபிளும் போட்டு முடித்துவிட்டார். அவ்வளவு அக்கறையானவர்.

உங்கள் அக்காவுக்கும் அந்த வாரம் மனசு சரியில்லை. காரணம், பாலு. கூடுவாஞ்சேரி பாலு என்று ஒரு நேயர். வாரம் தவறாமல் அஞ்சலட்டை போடுகிற ஒரே ஆத்மா. மற்ற நேயர்கள் எல்லாம் கேட்கிறார்களா, தூங்குகிறார்களா என்று தெரியாது, நான் தூங்குகிறேன். இவர் மட்டும், "அக்கா, உங்கள் ஏரிப் பாடத்தைக் கேட்டால் உடம்பு குளிர்ந்துபோகிறது" என்று எழுதுவார். அந்த அட்டைகளை அவள் சர்ச்சுக்குக் கொண்டுபோகும் பாமாலைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். எங்கள் கல்யாண நாளுக்கு நான் கொடுத்த கார்டு எங்கே என்று கேட்டால் தேட வேண்டும் என்கிறாள். அந்தப் பாலு, ஒரு செவ்வாயும் ஒரு வியாழனும் நிகழ்ச்சி பாதியில் நின்றுவிட்டது, அக்கா தயவுசெய்து கவனிக்கவும் என்று எழுதியிருந்தார். அதை அவள் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "ஒருத்தர் நம்மை நம்பிக் காத்திருக்காருங்க, கொஞ்சம் நல்லாப் பாத்துக்குங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்து நான் செய்த காரியத்துக்குத்தான் உங்கள் சேகர கமிட்டியின் ஆலோசனை தேவைப்படுகிறது. சென்னையில் காம்பவுண்டுச் சுவரில் யாரும் ஒண்ணுக்குப் போகாமல் இருக்கச் சாமி படம் போட்ட டைல் ஒட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். பிள்ளையார், மக்கா, மாதா என்று மூன்றும் வரிசையாக இருக்கும். எந்த மதத்துக்காரன் வந்தாலும் ஏதாவது ஒன்று தடுக்கும். சுவரைக் காப்பாற்றுகிற டைல் கேபிளைக் காப்பாற்றாதா? அமீருதீன் சார் கடையில் மூலையில் ஒரு செட் கிடந்தது. வாங்கி வந்து டவர் அறைச் சுவரில், கேபிள் மேலே ஏறும் இடத்துக்குப் பக்கத்தில், சிமெண்ட் குழைத்து ஒட்டினேன். மாதா படத்தை ஒட்டும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. புராட்டஸ்டன்ட் சபைக்காரர்களான நமக்கும் மாதாவுக்கும் அவ்வளவு போக்குவரத்து கிடையாதே. ஆனால் கத்தோலிக்கத் திருடனாக இருந்தால் என்ன செய்வது என்று நினைத்து ஒட்டிவிட்டேன். இரண்டு வாரம் ஒரு அசம்பாவிதமும் இல்லை.

போன வியாழக்கிழமை. வழக்கம்போல் நாலு மணிக்கு அவள் கதவைத் திறக்கச் சொன்னாள், நானும் சொக்கிப்போனேன். ஆனால் ஐந்து நிமிஷத்தில் புங்கங்காய் ஒன்று நேராக என் மூக்கில் விழுந்தது. கண்ணைத் திறந்தால், எதிரே சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு ஆள். முப்பத்தைந்து வயது இருக்கும். கோடு போட்ட சட்டை, தோளில் ஒரு சாக்குப் பை. கையில் இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடு. கேபிளில் பிளேடு வைத்த இடத்தில் கறுப்புத் தோல் கொஞ்சம் கீறியிருக்கிறது. தலை மாதாவுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் சாய்ந்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஆள் அசந்து தூங்குகிறான்.

நான் கத்தியிருக்க வேண்டும். இரண்டு மாதமாக இந்த ஆள் அகப்பட்டால் என்ன செய்வேன் என்று மனசுக்குள் எத்தனை ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஆனால் ரேடியோவில் அவள் அப்போதுதான் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தாள். கத்தினால் அவள் பேசுவது கேட்காமல் போய்விடும். சரி, இந்த வாக்கியம் முடியட்டும் என்று இருந்தேன். அந்த வாக்கியம் முடிவதற்குள் தண்ணீர் அடுத்த கால்வாயில் திரும்பிவிட்டது. அதையும் பார்த்துவிடலாம் என்று இருந்தேன். எதிரே ஏரி, ரேடியோவில் ஏரி, இரண்டுக்கும் நடுவில் ஒரு திருடன் குழந்தை மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். கொக்குகள் நின்றுகொண்டே தூங்குகின்றன. எனக்கு நான் விழித்திருக்கிறேனா, இதுவும் தூக்கத்தில் வருவதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. செம்பாக்கத்தை முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறாள் தெரியுமா, ஒரு ஏரி இன்னொரு ஏரிக்கு விட்டுக்கொடுப்பதை? தனக்கு நிரம்பியதும் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுமாம், வைத்துக்கொள்ளாதாம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் பேசுவதை நடுவில் வாய் வைக்காமல் அரை மணி நேரம் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். கேபிள் திருடன் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

டைல்ஸ் விளம்பரம் வந்ததும் அந்த ஆள் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "இன்னா சார், முட்ஞ்சிட்சா?"

முடிந்துவிட்டது என்றேன்.

"கடசியா இன்னா சொன்னாங்க?"

தண்ணீர் சதுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு அப்புறம்தான் தன் கையில் இருந்த பிளேடைப் பார்த்தான். நானும் அப்போதுதான் பார்ப்பது போல் பார்த்தேன். இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பிளேடை வாங்கிக்கொண்டு, பெயர் என்ன என்று கேட்டேன். கூடுவாஞ்சேரி, பேர் பாலு என்றான்.

நாற்காலியிலிருந்து நான் விழாதது கர்த்தருடைய செயல். அஞ்சலட்டை போடுகிற பாலுவா என்று கேட்டேன். ஆமாம் சார், அக்கா நம்ம பேரைப் படிப்பாங்களே என்று முகம் மலர்ந்தான். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு கிடங்கில் ராத்திரி முழுக்க மூட்டை தூக்குகிறானாம், பகலில் தகரக் கூரைக்குக் கீழே தூக்கம் வராதாம். போன் ரேடியோவில் காதில் மாட்டிக்கொண்டு அக்கா பேசுவதைக் கேட்டால்தான் கொஞ்சம் கண் அசருமாம். இதைக் கேட்டதும் எனக்கு அவன் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது, ஏனென்றால் உலகத்தில் என் வியாதி உள்ள இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டேன். அடப் பாவி, அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே அவள் கேபிளை அறுப்பாயா, நிகழ்ச்சி பாதியில் நின்றது உன்னால்தானே, அதற்கு நீயே புகாரும் எழுதுவாயா என்று.

அவன் கொஞ்ச நேரம் டவரை அண்ணாந்து பார்த்தான். அப்புறம் கேபிளைப் பார்த்தான். "அக்கா காத்துல வர்றேன்னு தானே சார் சொல்றாங்க. கம்பில வர்றாங்கன்னு எனுக்கு இன்னா தெரியும்?" என்றான். அறுக்கும்போது காதில் சத்தம் நின்றதும் ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு தடவையும் புது ஹெட்போன் வாங்கியிருக்கிறான், அதிலும் சத்தம் வராததால்தான் புகார் எழுதினானாம். இந்தத் தடவை அது இல்லாததால் என் டிரான்சிஸ்டரில் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம் என்று வந்து, அப்படியே சாய்ந்துவிட்டான். போர்டைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தானாம். "இல்லாத எடத்துல இல்லன்னு யாரு சார் போர்டு வெப்பாங்க?"

சரி, அப்படியானால் இந்த டைல்களாவது உன்னை இரண்டு வாரம் தடுத்ததா என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னதுதான் எனக்கு ஒரு வாரமாகப் பகல் தூக்கத்திலும் வந்து நிற்கிறது. டைல் எல்லாம் இல்லை சார், நான் செவ்வாய், வியாழன் மட்டும்தான் வருவேன் என்றான். ஏன் என்றேன். "மத்த நாள்ல உங்க பக்கத்துல ஒரு அம்மா ஸ்டூல்ல குந்திகினு கீறாங்களே சார். வெள்ளைப் பொடவ, பேசவே மாட்டாங்க. ஒரு தபா என்னிய ஒரு பார்வ பாத்தாங்க, பிளேடைப் போட்டுட்டு ஓடியே பூட்டேன்."

என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை மச்சான். ஸ்டூலில் உட்காருவது டிரான்சிஸ்டர்தான். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த டிரான்சிஸ்டர் தரையில் இறங்குகிறதே, காற்று தள்ளினால் கவிழ்ந்தல்லவா கிடக்கும்? அது ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து, பத்திரமாக, ஏரியல் நீட்டியபடி இருக்கிறது. யாரோ எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்த ஸ்டூலில் உட்காருகிறார்கள். நான் திரும்பி டைலைப் பார்த்தேன். மாதா வெள்ளை உடையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பாலுவைப் போகச் சொல்லிவிட்டேன். போலீஸில் கொடுத்தால் திங்கட்கிழமை உங்கள் அக்கா அட்டைக்குக் காத்திருப்பாள். அவளுக்கு இருக்கிற ஒரே நேயரை என் கையால் உள்ளே தள்ள எனக்கு மனசு வரவில்லை. மூன்று டைலின் மேலும் தனித்தனியாகக் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன். கேபிளின் கீறலில் டேப் சுற்றிவிட்டேன், அமீருதீன் சாருக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய், "முழுக்கக் கேட்டேன் ஞானம்" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கஷாயம் போட்டுக் கொடுத்தாள். ஏன் என்று தெரியவில்லை.

ஆகவே உங்களிடம் என் கேள்விகள். பாலுதான் திருடன் என்பதை உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டுமா, அல்லது பாமாலைப் புத்தகம் அப்படியே இருக்கட்டுமா? நான் தூங்குவதை எப்போதாவது சொல்லித்தான் ஆக வேண்டுமா? நாற்பது வருஷம் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவளிடம், உன் குரலைக் கேட்டால் தூக்கம் வருகிறது என்று எந்த வாயால் சொல்வேன்? கடைசியாக, ஒரு சி.எஸ்.ஐ.காரன் பக்கத்தில் வாரத்துக்கு மூன்று நாள் மாதா வந்து உட்காருவதை நம் சபை எப்படி எடுத்துக்கொள்ளும்? அவர்களுக்குச் சரியான நாற்காலி ஒன்று போட வேண்டுமா? ஸ்டூலுக்குச் சாய்மானம் இல்லை.

மணி நாலு ஆகப்போகிறது. ஆஷாவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், படிக்கிற பிள்ளைக்கு ஒன்று அதிகம். நம் அனைவர் தலைக்கு மேலும் கர்த்தருடைய கை குடையாக இருப்பதாக.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள அத்தான்,
லாசரஸ்

பி.கு. இந்தக் கடிதத்தை நீங்கள் படித்ததும் கிழித்துவிடவும். உங்கள் அக்கா எப்போதாவது நாசரேத் வந்தால் கண்ணில்

தம்பி ஃபிரெடி, கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். அக்காதான். உன் அத்தான் பேனா விரலில் இருக்க, அட்டை மடியில் இருக்கத் தூங்கிவிட்டார். ரேடியோவைத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து உனக்கு எழுதிய கடிதத்தை முழுக்கப் படித்தேன்.

செவ்வாயும் வியாழனும்தான் நான் ஸ்டுடியோவில் நேரடியாகப் பேசுவது. மற்ற மூன்று நாள் நிகழ்ச்சியும் முன்கூட்டியே பதிவு செய்தது. அந்த நாட்களில் ஆட்டோ பிடித்து இங்கே வந்துவிடுவேன். வெள்ளைப் புடவை என் பழைய ஸ்கூல் புடவைதான். மாதா கையில் கறுப்புக் குடை இருக்குமா என்று உன் கமிட்டியைக் கேட்டுக்கொள். ஒரு நாள் சாக்குப் பையோடு ஒருவரை முறைத்தேன், அது என் பாலு என்று தெரிந்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

உன் அத்தானுக்கு ஆபரேஷன் ஆனபோது பதினோரு நாள் கண் மூடவில்லை, நினைவிருக்கிறதா? பன்னிரண்டாம் நாள் வேறு வழி தெரியாமல் எட்டாம் வகுப்பு ஏரிப் பாடத்தை மெதுவாகச் சொன்னேன், தூங்கினார். வீட்டில் சொன்னால், இன்னும் டீச்சர் என்று நினைப்பா என்கிறார். அதனால்தான் ரேடியோவுக்குப் போனேன். காலை ஏழு மணிக்கு யார் தூங்குவார்கள்? நாலு மணியைக் கேட்டு வாங்கினேன். அவ்வளவு மெதுவாகப் பேசினால் கேட்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்று அமீருதீன் சார் சொன்னார். ஒருவர் தூங்கினால் போதும் என்றேன்.

இரண்டாம் திருட்டுக்குப் பிறகு இவர் வேலையை விட்டுவிடுவார் என்று தெரிந்து, நிலையத்தை மூடிவிடுவேன் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். பாவம் அமீருதீன் சார், பொய் சொல்லத் தெரியாதவர். புதிதாகப் போட்டது அலுமினியக் கேபிள். ஒரு மாதமாக இந்த டவரில் எடுக்கிற மாதிரி செம்பே கிடையாது. இவர் எழுதி வைத்த போர்டு இப்போது உண்மைதான். இதை மட்டும் அவருக்குச் சொல்லிவிடாதே. காக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் இங்கே வரமாட்டார், அப்புறம் எங்கே தூங்குவார்?

போன வியாழக்கிழமை முழுக்கக் கேட்டேன் என்றபோது கண் சிவந்திருந்தது. காய்ச்சல் என்று நினைத்தேன்.

உறையை ஒட்டி அவர் சட்டைப் பையில் வைத்துவிடுகிறேன். எழுந்ததும் தானே ஒட்டியதாக நினைத்து, போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுவார். இப்போது நாலு இருபத்தாறு. ரேடியோவில் தண்ணீர் நன்மங்கலம் தாண்டிவிட்டது, சதுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் கிளம்ப வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே முழுக்கக் கேட்டேன் ஞானம் என்பார். அந்த மதகு விஷயம் எப்படி இருந்தது என்று நானும் கேட்பேன்.